எத்தனை மணி நேரம் ஐஸில் இருந்தது?

பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அவருடைய அக்கா ஒரு சிறுநீரகம் கொடுத்திருந்தார். அறுவை முடிந்து வார்டுக்கு வந்த நாளிலிருந்தே அவருடைய சிறுநீர்ப் பை நிறைந்துகொண்டே இருந்தது. தாதி மணிக்கொரு தடவை வந்து வடித்து, அளந்து, எழுதிவிட்டுப் போவார். எனக்கு வைத்தது இறந்துபோன ஒருவரின் சிறுநீரகம். என் பையும் கட்டிலோரத்தில் தொங்கியது. மூன்றாம் நாள் காலையில் அதன் அடியில் கோப்பி நிறத்தில் 15 மில்லி கிடந்தது. என் மனைவி அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். கண் பட்டுவிட்டது என்று அம்மாவிடமிருந்து பதில் வந்தது.

"கிட்னி தூங்குது அங்கிள். எழுந்திரிச்சிடும்," என்றார் தாதி. ஈப்போவிலிருந்து வந்த பெண். நல்ல பெண்தான், ஆனால் எட்டு வருடம் காத்திருந்து கிடைத்தது தூங்குகிறது என்றால் யாருக்கு ஆறுதலாக இருக்கும்?

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்கு முன் நடந்த மருத்துவப் பரிசோதனையில் சிறுநீரில் ரத்தம் இருப்பது தெரிந்தது. ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் என்றார்கள். இருபது வருடத்துக்கு மேல் மெல்ல மெல்லக் கெட்டு, நாற்பத்திரண்டு வயதில் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். நிலையம் எங்கள் புளோக்கிலிருந்து மூன்று புளோக் தள்ளி, கீழ்த்தளத்திலேயே இருந்தது. மனைவி தன்னுடையதைத் தருகிறேன் என்றாள். சோதித்தபோது அவளுக்கே சர்க்கரை இருப்பது தெரிந்தது. அதோடு அந்த வழி அடைந்தது. காத்திருப்போர் பட்டியலில் இருந்த எட்டு வருடத்தில் இரண்டு முறை நள்ளிரவில் அழைப்பு வந்தது. இரண்டு முறையும் மாற்று ஆளாகப் போய், உறுப்பு வேறொருவருக்குப் பொருந்தியதால் திரும்பி வந்தேன். மூன்றாவது அழைப்புதான் எனக்கு.

நான் துறைமுகத்தில் ரீஃபர் மெக்கானிக். ரீஃபர் என்றால் குளிரூட்டும் கொள்கலன். உறைந்த இறால், ஆஸ்திரேலிய ஆட்டிறைச்சி, திராட்சை, மருந்து எல்லாம் அதில்தான் வரும். சரக்கு கெட்டுப்போய்த் தகராறு வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, பெட்டி எத்தனை மணி நேரம் மின் இணைப்பில்லாமல் கிடந்தது என்பதுதான். உள்ளே இருக்கும் பதிவுக்கருவி நிமிடக் கணக்கில் சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தில், மூன்றாம் நாள் மாலை மருத்துவர் வந்து நின்றபோது என் வாயில் வந்த கேள்வியும் அதுதான்.

"டாக்டர், இது எத்தனை மணி நேரம் ஐஸ்ல இருந்துச்சு?"

மனைவி என் கையைக் கிள்ளினாள். மருத்துவர் சிரிக்கவில்லை. கோப்பைப் பார்த்துவிட்டு, 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் என்றார். அவர் பேசியது ஆங்கிலத்தில், எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

கிழக்குக் கோடியில் இருக்கும் சாங்கியிலிருந்து மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸுக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இந்தச் சின்னத் தீவில் 13 மணி நேரம் எங்கே போனது? கொடுத்தவரின் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் கலந்து, என் உடம்பு அதை உடனே எதிர்க்குமா என்று பார்க்க வேண்டும். என்னை வரவழைத்து, பொட்டாசியம் கூடியிருந்ததால் ஒரு டயாலிசிஸ் செய்ய வேண்டும். அறுவை அறை காலியாக வேண்டும். சாலையில் போன நேரம் அதில் மிகக் குறைவு.

அப்புறம் அவர் என் சாப்பாட்டுத் தட்டில் கிடந்த காகிதத் துண்டை எடுத்து அதன் பின்பக்கம் ஒரு குழாயை வரைந்தார். குழாயின் சுவர் முழுவதும் செங்கல் அடுக்கியதுபோல் செல்கள். சிறுநீரகத்தில் இப்படி லட்சக்கணக்கான நுண்குழாய்கள் இருக்கின்றன. உடம்பிலேயே அதிகம் உழைக்கிற செல்களில் இவையும் சேர்த்தி. வடிகட்டி வந்த நீரிலிருந்து உப்பையும் சர்க்கரையையும் திரும்ப இழுத்துக் கொடுப்பது இவைதான். அதற்கு ஓயாமல் ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும்.

ரத்தம் நின்றதும் முதலில் தீர்வது ஏடிபி, அதாவது செல்லின் எரிபொருள். ஏடிபி தீர்ந்தால் சோடியத்தை வெளியே தள்ளும் பம்பு நிற்கிறது. கப்பலின் அடித்தளத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பு நின்றால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். செல்லும் அப்படித்தான், நீர் உள்ளே ஏறி வீங்குகிறது. கால்சியமும் புகுந்துவிடுகிறது. இதை மெதுவாக்கத்தான் ஐஸ். 4 டிகிரிக்குக் கொண்டுவந்தால் செல்லின் வேலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும். குறையும், நிற்காது. இன்னும் கீழே போய் உறையவைத்தால் நீர் பனிப்படிகமாகிச் செல்லைக் கிழித்துவிடும். இறாலுக்குப் பரவாயில்லை, அதற்கு மறுபடி உயிர் தேவையில்லை.

நான் கேட்டேன்: "அப்ப ஐஸ்ல இருக்கும்போதுதான் செத்துச்சா?"

அவர் சொன்ன பதில்தான் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஓரளவு சேதம் ஐஸில். பெரிய சேதம், கவ்விகளைத் திறந்து என் ரத்தம் அதற்குள் பாய்ந்தபோது. அறுவை மேசையில் சிறுநீரகம் ரோஜா நிறத்துக்கு மாறியதாம். எல்லோருக்கும் மகிழ்ச்சியாம். அந்த நிமிடங்களில்தான் உள்ளே செல்கள் வெடிக்கத் தொடங்கியிருக்கின்றன.

முதலில் நம்ப முடியவில்லை. அப்புறம் யோசித்தால், இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. மின்சாரம் போவதால் கம்ப்ரஸர் எரிந்துபோவது அபூர்வம். திரும்பி வரும்போதுதான் எரியும். ஒரு பக்கம் அழுத்தம் அப்படியே தேங்கி நிற்கும், மின்சாரம் சட்டென்று வரும், மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுழல முடியாமல் திணறும், சுருள் கருகிவிடும். அதற்காகத்தான் மூன்று நிமிடத் தாமதக் கருவி மாட்டுகிறோம். செல்லிலும் இதே கதை. ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் சக்சினேட் போன்ற பொருள்கள் எரியாமல் தேங்கிவிடுகின்றன. ஆக்சிஜன் வந்த கணமே செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியா அவற்றை ஒரே மூச்சில் எரிக்க, அதிலிருந்து தீப்பொறிபோல் கட்டுக்கடங்காமல் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் தெறிக்கின்றன. அவை பட்ட இடமெல்லாம் கருகுகிறது.

"அதுக்குத் தாமதக் கருவி இல்லையா டாக்டர்?"

"அதைத்தான் உலகம் முழுக்கத் தேடிக்கிட்டிருக்காங்க," என்றார். எலிகளில் அழகாக வேலை செய்யும் மருந்துகள் நிறைய இருக்கின்றனவாம். மனிதரிடம் வந்ததும் பல சறுக்கிவிடுகின்றன.

என் மகள் அப்போது பாலிடெக்னிக்கில் உயிர்மருத்துவ அறிவியல் இரண்டாம் ஆண்டு. தினமும் மாலையில் வந்து, தான் படித்ததை எனக்குச் சொல்வாள். சில நாள் என்னைவிட அவளுக்குத்தான் அது ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன்.

செல் சாவதில் பல வகை இருக்கிறதாம். ஒன்று அமைதியான சாவு. செல் தன்னைத்தானே துண்டுதுண்டாக மடித்துக் கட்டி, துப்புரவுச் செல்கள் தின்றுபோக விட்டுவிடும். 1972ல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் இலை உதிர்தல் என்று பொருள். இலை உதிர்ந்தால் மரத்துக்கு வலிப்பதில்லை, அக்கம்பக்கத்துக்கும் தெரிவதில்லை. இன்னொன்று நெக்ரோசிஸ். செல் வீங்கி வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டிவிடும். அதிலும், உள்ளிருந்தே ஆணை வந்து சுவரில் ஓட்டை போட்டுக்கொள்ளும் வகைக்கு நெக்ரோப்டோசிஸ் என்று பெயர். அப்புறம் ஃபெரோப்டோசிஸ். 2012ல்தான் இதற்குப் பெயரே வந்தது. இரும்பின் உதவியோடு செல்லின் கொழுப்புச் சவ்வு ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதைவது.

"துரு பிடிக்கிற மாதிரிப்பா," என்றாள்.

கடற்காற்றில் கொள்கலன் எப்படித் துருப்பிடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓர் ஓரத்தில் ஆரம்பித்தால் பக்கத்துத் தகட்டுக்கும் போகும். இதுவும் நுண்குழாயில் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு வரிசையாகப் பரவக்கூடியதாம்.

சரி, செல் செத்தது, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. வெடித்த செல்லிலிருந்து கொட்டும் டிஎன்ஏ, ஏடிபி, சில புரதங்கள் எல்லாம் செல்லுக்கு வெளியே இருக்கக் கூடாதவை. காவல் செல்களுக்கு அது அலறல் சத்தம்போலக் கேட்கிறது. உடனே வெள்ளணுக்கள் ஓடிவருகின்றன, ரத்த நாளம் வீங்குகிறது, அழற்சி மூள்கிறது. கிருமி எதுவும் இல்லாமலேயே கிருமி வந்ததுபோல ஒரு கலவரம். அந்தக் கலவரத்துக்கு ஓடிவந்தவர்கள்தான், அட இது நம் வீட்டுப் பொருளே இல்லையே என்று கண்டுகொள்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி அந்நியரைத் தேடுவதைவிட அபாயத்தைத்தான் முதலில் தேடுகிறது என்று பாலி மாட்சிங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994ல் எழுதினார். அதே ஆண்டு ஜெர்மனியில் வால்டர் லாண்ட் என்ற மருத்துவர், ரத்தம் மீளப் பாயும் நேரத்தில் ஆக்சிஜன் சேதத்தைத் தணிக்கும் ஒரு நொதியைக் கொடுத்தவர்களுக்கு, உடம்பு புது உறுப்பை எதிர்த்துத் தாக்கும் நிராகரிப்பும் குறைந்தது என்று வெளியிட்டார். அதாவது, ஆரம்பக் காயத்தைக் குறைத்தால் பின்னால் வரும் சண்டையும் குறையும்.

இதைக் கேட்ட பிறகுதான் பக்கத்துக் கட்டில்காரரின் பை ஏன் நிறைந்தது என்று புரிந்தது. அக்காவின் உறுப்பு என்பதால் மட்டும் இல்லை. அவருடையது ஐஸில் இருந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை, பக்கத்து அறையிலிருந்து வந்தது. 1995ல் பால் தெரசாகி குழுவினர் அமெரிக்காவில் ஒரு கணக்குப் பார்த்திருக்கிறார்கள். கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் கொடுத்த சிறுநீரகங்கள், ரத்த உறவு இல்லாமல், திசுப் பொருத்தம் மோசமாக இருந்தும், மூன்று வருடம் கழித்து நூற்றுக்கு 85 வேலை செய்துகொண்டிருந்தன. பெற்றோர் கொடுத்தவற்றுக்கு அவை சளைக்கவில்லை. காரணம், கொடுத்தவர் உயிரோடும் நலத்தோடும் இருந்தார், உறுப்பு அடிபடாமல் வந்து சேர்ந்தது. மனைவியிடம் இதைச் சொன்னேன். "அப்ப என்னோடது நல்லா வேலை செஞ்சிருக்கும்," என்று கோபமாகச் சொன்னாள். சர்க்கரை மீதுதான் கோபம்.

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு, ஐஸில் வைப்பதற்கு முன்பே அடிபட்டுத்தான் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மூளை செயலிழக்கும்போது உடம்பில் அட்ரினலின் புயல் அடிக்கிறது. எல்லா உறுப்புகளிலும் அழற்சி ஏற்கெனவே மூண்டிருக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2015ல் அமெரிக்காவில் வந்தது, தொழில் பாசம். கொடையாளரின் உடம்பை உறுப்பு எடுக்கும் முன்பே 34, 35 டிகிரிக்கு லேசாகக் குளிர வைத்தார்கள். வழக்கமான சூட்டில் வைத்தவர்களின் சிறுநீரகம் பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அது தூங்கியது. குளிர வைத்தபோது 28. இரண்டே டிகிரி! இன்னொன்று ஐரோப்பாவில் 2009ல். 336 கொடையாளர்களிடமிருந்து எடுத்த இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றை ஐஸிலும், மற்றதைக் குளிர்ந்த கரைசல் ஓயாமல் ஓடும் கருவியிலும் வைத்துப் பார்த்தார்கள். கருவியில் வைத்தவை குறைவாகவே தூங்கின. தேங்கி நிற்கும் குளிரைவிட ஓடும் குளிர் நல்லது. இது எந்த ரீஃபர்காரனுக்கும் தெரியும்.

நிலவரம் இதுதான். கொடையாளர் இறந்தவராக இருந்தால் சிறுநீரகம் இப்படித் தூங்குவது அபூர்வம் இல்லை. அறுவைக்குப் பின் முதல் வாரத்தில் ஒரு முறையாவது டயாலிசிஸ் தேவைப்பட்டால் அதற்குத் தாமதமான செயல்பாடு என்று பெயர். பெரும்பாலானவை நாள்களிலோ வாரங்களிலோ விழித்துக்கொள்கின்றன. தப்பிப் பிழைத்த நுண்குழாய்ச் செல்கள் தட்டையாகப் படர்ந்து, பெருகி, காலி இடத்தை அடைத்துக்கொள்ளும். இதயத்துக்கு இந்த வசதி இல்லை. அதனால்தான் இதயத்தை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்தப் பார்க்கிறார்கள்.

இந்த நாள்களில் இருப்பவர்களுக்கு நான் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

பை காலியாக இருந்தால் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ரத்தம் உள்ளே ஓடுகிறதா? சிறுநீர்க்குழாயில் அடைப்போ கசிவோ உண்டா? நிராகரிப்பு இல்லை என்று எப்படித் தெரியும்? முதல் இரண்டுக்கும் ஸ்கேனில் பதில் கிடைத்துவிடும். மூன்றாவதற்கு ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் வழி. தூங்குகிற சிறுநீரகத்தில் இந்த மூன்றாவது கேள்வி லேசானதில்லை. சாதாரணமாக நிராகரிப்பு வந்தால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிக் காட்டிக்கொடுக்கும். என்னுடையது இறங்கவே இல்லை, அப்புறம் ஏறுவது எப்படித் தெரியும்? அதனால்தான் ஏழாம் நாள் ஒரு பயாப்சி, பதினான்காம் நாள் இன்னொன்று. முதலாவதில் நுண்குழாய்ச் சாவு மட்டும். இரண்டாவதில் லேசான நிராகரிப்பு தொடங்கியிருந்தது. காயம், அழற்சி, சண்டை என்று மகள் சொன்ன வரிசை அப்படியே என் உடம்பில் நடந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டை ரத்தத்தில் ஏற்றினார்கள். தூக்கம் போச்சு, முகம் வீங்கியது, நடுராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் உட்கார்ந்து பழைய கணக்கெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பயாப்சி வேண்டாம் என்று அடம்பிடிக்காதீர்கள். நான் இரண்டாவதற்கு அடம்பிடித்தேன். மனைவிதான் கையெழுத்துப் போட வைத்தாள்.

இடையில் டயாலிசிஸ் தொடரும். உடனே மனம் உடைந்துவிடும், பழைய நாற்காலிக்கே வந்துவிட்டோமே என்று. அங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். தண்ணீரை வேகமாக உறிஞ்சினால் ரத்த அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்தால் புதுச் சிறுநீரகம் மறுபடி ரத்தமில்லாமல் தவிக்கும். எனக்கு ஒரு முறை தலை சுற்றியது, சங்கடப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அடுத்த நாள் மருத்துவர் அதற்குத்தான் அதிகம் கடிந்துகொண்டார். தலை லேசாகச் சுற்றினாலும், கொட்டாவி தொடர்ந்து வந்தாலும், அந்த நொடியே சொல்லுங்கள். டயாலிசிஸுக்காக ரத்த நாளங்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இருக்கும் கையையும் மறந்துவிடாதீர்கள். புதுச் சிறுநீரகம் வந்தாச்சே என்று அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ அழுத்தப் பட்டை கட்டவோ விடாதீர்கள்.

வார்டில் பக்கத்துக் கட்டிலின் பையைப் பார்க்காதீர்கள். சொல்வது சுலபம், தெரியும். நான் கடைசியில் தாதியிடம் சொல்லித் திரையை இழுத்துவிடச் சொன்னேன். அந்த மனிதருக்கு மனம் கஷ்டப்பட்டிருக்கும், பாவம்.

பதினேழாம் நாள் விடியற்காலை பையில் 240 மில்லி இருந்தது. மறுநாள் 900. அதற்கு அடுத்த நாள் மூன்று லிட்டரைத் தாண்டியது. விழித்த நுண்குழாய்களுக்கு வடிக்கத் தெரிகிறது, உப்பையும் நீரையும் திரும்ப இழுக்க இன்னும் தெரியவில்லை. அதனால் அந்த நாள்களில் வெளியே போகும் அளவுக்குக் குடித்து ஈடுகட்ட வேண்டியிருந்தது. எட்டு வருடம் ஒரு நாளைக்குச் சின்னக் குவளை தண்ணீரை அளந்து குடித்தவனிடம், குடி குடி என்றார்கள். தொண்டைக்குள் இறங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபின் வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை என் முட்டாள்தனத்தால் வந்தவை. டாக்ரோலிமஸ் என்ற மருந்துதான் நோயெதிர்ப்பை அடக்கி வைக்கிறது. 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் அதே மருந்து சிறுநீரகத்தின் ரத்த நாளங்களைச் சுருக்கிச் சேதம் செய்யும். முதல் சீனப் புத்தாண்டுக்கு என் மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா பொமெலோ, அதாவது நம் பம்ப்ளிமாஸ், உரித்துத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். பழம்தானே என்று பாதிப் பழம் தின்றேன், மறுநாள் அவர் கொடுத்தனுப்பியதையும் தின்றேன். அந்த வாரம் கை நடுங்கியது. ஸ்பானரைப் பிடிக்க முடியவில்லை. மருந்தின் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, கிரியேட்டினினும் 140லிருந்து 190க்குப் போயிருந்தது. குடலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைப் பொமெலோவும் கிரேப்ஃபுரூட்டும் முடக்கிவிடுகின்றன. மாண்டரின் ஆரஞ்சு பரவாயில்லை. வயிற்றுப்போக்கு வந்தாலும் அளவு ஏறலாம், ஆகவே இரண்டு நாள் பேதி என்றால் கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனை நாளில் காலை மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும். முதல் தடவை முன்பே போட்டுவிட்டு, எண்ணைப் பார்த்துப் பயந்து, எல்லோரையும் பயமுறுத்தினேன். நோயெதிர்ப்பு அடங்கியிருப்பதால் கோப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டையை விட்டுவிட்டேன். காயா என்ற தேங்காய் ஜாம் தடவிய ரொட்டி மட்டும் தின்பது துக்க வீட்டுக்குப் போன மாதிரி இருக்கிறது, ஆனாலும் விட்டுவிட்டேன். முதுகுவலிக்கு அக்கம்பக்கக் கிளினிக்கில் கொடுக்கும் வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்துக்கு ஆகாதவை. எந்த மருத்துவரிடம் போனாலும் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக, எனக்கு மாற்றுச் சிறுநீரகம் என்று சொல்லிவிடுகிறேன். அம்மா ஊரிலிருந்து வரவழைத்த கஷாயப் பொடி இரண்டு டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது. குடித்துவிட்டேன் என்று பொய் சொல்லவில்லை. மருத்துவரிடம் கூட்டிப்போய் அவர் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்தேன். அவர் அம்மாவை ஆண்ட்டி என்று கூப்பிட்டு, அன்பாகச் சொன்னார். அம்மா ஒப்புக்கொண்டார். நான் ஆறு மாதமாகச் சொன்னது ஒன்றுக்கும் உதவவில்லை.

கொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிவிக்க மாட்டார்கள், அதுதான் முறை. சிங்கப்பூரில் உறுப்புமாற்றுச் சட்டம் 1987ல் வந்தது. மறுப்புத் தெரிவித்து எழுதிக் கொடுக்காத 21 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லோரும் இதில் அடக்கம். முதலில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும். 2004ல் எல்லாவகை மரணங்களுக்கும், கல்லீரல், இதயம், விழிவெண்படலத்துக்கும் விரிந்தது. 2008ல் முஸ்லிம்களும் சேர்க்கப்பட்டார்கள். சட்டம் இருக்கிறதே, வீட்டில் எதற்குப் பேச வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது பேசியாகிவிட்டது. நள்ளிரவில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே முதல்முறையாக அதைக் கேள்விப்படுகிற குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்தில் அன்றிரவு நடந்த பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைக்காத மாதம் கிடையாது.

போன மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தேன். மருந்தக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், என் கையில் இருந்த மாத்திரைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கும் மாத்துனதா?" என்று கேட்டார். அவர் கணவர் மேலே வார்டில் இருக்கிறார். ஆறாவது நாளாம். பை காலியாம்.

"எத்தனை மணி நேரம் ஐஸ்ல இருந்துச்சுன்னு கேட்டீங்களா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மூன்று கேள்விகளையும் அவருடைய மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு எத்தனாவது நாள் வந்துச்சு?" என்றார்.

"பதினேழு."

விரல்விட்டு எண்ணினார். "அப்ப இன்னும் பதினொண்ணு இருக்கு," என்றார். அது எனக்கு நடந்த கணக்கு, எல்லோருக்கும் அப்படி வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.